சாவைப் பத்திப் பேசலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்துவரும் சின்னக் கூட்டம் ஒன்றில் நானும் ஒருத்தி. ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம், கீழக்கரை, தேவிபட்டினம் என்று கடலோரமாகவே எங்கள் சுற்று. புண்ணைத் துடைத்துக் கட்டுவோம், மாத்திரை நேரத்தை எழுதிக் கொடுப்போம், அப்புறம் உட்கார்ந்து பேசுவோம். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வரும். நோயாளியைவிட வீட்டில் இருப்பவர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான் அதிகம் கேட்பார்கள். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே எழுதி, நான் வழக்கமாகச் சொல்லும் பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

"சாவை நினைச்சுப் பாருங்கன்னு சொல்றீங்களே, அப்படின்னா என்ன? பயந்துக்கிட்டே இருக்கச் சொல்றீங்களா?"

பயம் எல்லாரிடமும் வேண்டிய மட்டும் இருக்கிறது, அதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ராத்திரி நெஞ்சு லேசாகக் குத்தினால் 'அட்டாக்கா இருக்குமோ' என்று விடியும்வரை புரள்கிறோமே, அது பயம். நான் சொல்வது வேறு. நமக்கும் ஒரு முடிவு உண்டு, அது எப்போது என்று தெரியாது. இந்த விஷயத்தைப் பகல் வெளிச்சத்தில், நிதானமாக, கொஞ்ச நேரம் முகம் திருப்பாமல் பார்க்கச் சொல்கிறேன்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை வைத்திருக்கிறேன். நினைத்து முடித்ததும் இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை கைக்கு வந்ததா? தம்பிக்கு ஒரு போன். அடகுச் சீட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் சொல்வது. பேத்தியோடு அரை மணி நேரம். அப்படி ஒன்று வந்தால் சரியாக நினைத்திருக்கிறீர்கள். எதுவும் வராமல் வயிறு மட்டும் கலங்கினால் அது வெறும் கவலை, எழுந்து டீ போட்டுக் குடியுங்கள். கீழே பல பதில்களில் இந்தச் 'சின்ன வேலை' சோதனைதான் திரும்ப வரும்.

"நல்ல நாளும் அதுவுமா சாவைப் பத்திப் பேசலாமா? வாயில வந்தா பலிச்சிரும்பாங்களே."

பேசியதால் யாரும் செத்ததில்லை, பேசாததால் யாரும் பிழைத்ததும் இல்லை. அதுவும் நம் கரையில் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை வந்துவிட்டால் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்திலும், சேதுக்கரையிலும், தேவிபட்டினம் நவபாஷாணத்திலும் கால் வைக்க இடமிருக்காது. செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க நாட்டின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். அதை நம்பி எத்தனை லாட்ஜ், எத்தனை ஆட்டோ, எத்தனை இட்லிக்கடை! சாவைப் பேசினால் ஊருக்கு ஆகாது என்றால் ராமேஸ்வரம் என்றைக்கோ காலியாகியிருக்க வேண்டும்.

அடுத்தவர் சாவை நாம் தாராளமாகப் பேசுவோம். கேத வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என்ன நோய், எத்தனை மணிக்கு உயிர் போச்சு, கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று ஒன்று விடாமல் விசாரிப்போம். நம் சொந்தப் பெயரை மட்டும் அந்தப் பேச்சில் வரவிட மாட்டோம். அதையும் வரவிடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். நாள் கிழமை பார்க்க வேண்டும் என்றால் அதுவும் சரி, கல்யாண வீட்டில் வேண்டாம்.

"இதெல்லாம் சாமியாருங்களுக்கு. பிள்ளைகுட்டிக்காரனுக்கு எதுக்கு?"

ராமநாதபுரம் லட்சுமிபுரத்தில் தாயுமானவர் சமாதி இருக்கிறது. உலகம் நிலையில்லை என்று பாடிய துறவி என்று அவரைக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அவரும் திருச்சி அரண்மனையில் கணக்கு வேலை பார்த்தவர்தான், மனைவி, மகன் என்று வாழ்ந்தவர்தான். ரோமாபுரியை 161 முதல் 180 வரை ஆண்ட மார்க்கஸ் அரேலியஸ் சக்கரவர்த்தியோ துறவியே இல்லை. போர்முனையில் பாசறை போட்டிருந்த காலத்தில், எந்த நிமிடமும் உயிர் போகலாம் என்பதை மனதில் வைத்துப் பேசு, செய் என்கிற பொருளில் தனக்குத்தானே குறிப்பு எழுதிக்கொண்டவர் அவர்.

யோசித்துப் பார்த்தால் துறவிக்குப் பின்னால் விட்டுப்போக என்ன இருக்கிறது? வங்கிக் கடன், பிரிக்காத பூர்வீக வீடு, பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன், காலேஜ் படிக்கும் மகள் என்று இருப்பவர்களுக்குத்தான் இது அவசரத் தேவை.

"தினம் எப்படிச் செய்றது? மந்திரம், தியானம் ஏதாச்சும் இருக்கா?"

மந்திரம் எதுவும் இல்லை. காலையில் ஐந்து நிமிடம் போதும். 'இன்றைக்கே கடைசி நாள்' என்று நினைக்க நான் யாருக்கும் சொல்வதில்லை. மனம் அதை நம்பாது, நடிக்க ஆரம்பித்துவிடும். 'இது எனக்குக் கடைசி ஆடியாக இருந்தால்?' என்று தொடங்குங்கள். ஒரு வருடம் என்றால் மனம் நம்பும், ஏனென்றால் போன ஆடிக்கு இருந்த சிலர் இந்த ஆடிக்கு இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படி நினைத்ததும் யார் முகம் முதலில் வருகிறது, யாரிடம் பேச்சு பாக்கி, எந்த வேலையை வீணாக இழுத்துக்கொண்டு திரிகிறேன் என்று பாருங்கள். வந்ததில் ஒன்றை மதியத்துக்குள் முடியுங்கள்.

புத்தர் தம் சீடர்களிடம் மரணத்தை எப்படி நினைக்கிறீர்கள் என்று கேட்ட கதை ஒன்று உண்டு. ஒரு பகல் ஒரு இரவு இருப்பேன் என்று நினைக்கிறேன் என்றார் ஒருவர், ஒரு வேளை சாப்பிடும் நேரம் என்றார் இன்னொருவர், ஒரு கவளம் என்றார் ஒருவர், ஒரு மூச்சு என்றார் கடைசி ஆள். கவளமும் மூச்சும் சொன்ன இருவரைத்தான் புத்தர் மெச்சினார். அது பயிற்சி முற்றியவர்கள் பாடு. நமக்கு வருடக் கணக்கே தாராளம்.

உட்கார நேரமில்லை என்பவர்களுக்குப் பாம்பனில் ஒரு பெரியவர் செய்வதைச் சொல்வேன். அவர் வலை முடிகிறவர். ஊசியில் நூல் தீரும், மறுபடி நூல் சுற்றிக்கொள்ள வேண்டும். அந்தச் சுற்றுகிற நேரத்தில் ஒரே ஒரு ஆளை நினைத்துக்கொண்டு, "இவன்கிட்ட நமக்கு என்ன பாக்கி, நம்மகிட்ட இவனுக்கு என்ன பாக்கி" என்று கேட்டுக்கொள்வாராம். நூல் சுற்றி முடிந்ததும் நினைப்பையும் விட்டுவிடுவார். "முடியும்போதும் அதையே நினைச்சா வலைக்கண்ணு பெரிசாயிரும், மீன் ஓடிரும்" என்றார்.

"நினைச்சா ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது."

அதனால்தான் காலை என்றேன். படுக்கையில் வேண்டாம். பகலில் நினைத்தும் படபடப்பு, வியர்வை, மூச்சு முட்டல் என்று வந்தால் நிறுத்திவிட்டு ஒரு டாக்டரைப் பாருங்கள். இதைச் செய்தே தீர வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை.

"எங்க வீட்டுக்காரர் கடலுக்குப் போறவரு. அவரு கெளம்புற நேரத்துல இதை நினைக்கச் சொல்றீங்களாக்கா?"

கிளம்பும் நேரத்தில் வேண்டவே வேண்டாம். ஐஸ், டீசல், தண்ணீர்க் கேன் ஏற்றும் அவசரத்தில் இருக்கிற ஆளிடம் பேசும் பேச்சா இது? இதற்கென்றே நமக்கு ஒரு காலம் இருக்கிறது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றி, எஞ்சினைப் பிரித்து, பெயிண்ட் அடித்துச் சரிபார்க்கிற அந்த நாட்களில் வீட்டுக் காகிதங்களையும் ஒரு நாள் பிரித்துப் பார்க்கலாம். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை இல்லை, அவர்கள் காற்று ஓங்கி வீட்டில் இருக்கும் ஒரு நாளைப் பார்த்துக்கொள்ளலாம்.

மண்டபத்தில் ஒரு அக்கா வீட்டில் இதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ரஸ்க் வாங்கிய பழைய தகர டப்பா. உள்ளே மீனவர் அடையாள அட்டையின் நகல், படகுப் பதிவுக் காகிதம், பாஸ்புக், நகை அடகுச் சீட்டு, அடியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று. ஐஸ் கம்பெனிக்குப் பாக்கி இவ்வளவு, வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் இவ்வளவு, இன்ன கூட்டாளி தரவேண்டியது இவ்வளவு என்று அக்காவின் வீட்டுக்காரரான அண்ணனின் கோணல் எழுத்து. தடைக்காலம் வந்தால் பழைய கணக்கை அடித்துவிட்டுப் புதிதாக எழுதுவார். அந்த வருடம்தான் பாஸ்புக்கோடு நாமினி பெயரையும் பார்த்தார்கள். இன்னும் அவருடைய அம்மா பெயரே இருந்தது, அம்மா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கிறார்களே, 2 லட்சம் தரும் விபத்துக் காப்பீடு, அதிலும் அதே பெயர். மறுநாளே போய் மனைவி பெயருக்கு மாற்றினார்கள். "டப்பாவை மூடுனதும் மனசும் மூடிக்கிச்சு. இனிமே கடல்ல மீனை மட்டும் பாக்கலாம்னாரு" என்று அக்கா சொன்னார். மரணச் சிந்தனையால் என்ன லாபம் என்று கேட்பவர்களிடம் நான் இந்த அண்ணன் சொன்னதைத்தான் சொல்வேன்.

கிளம்புகிற நேரத்துக்கு உள்ளது ஒன்றே ஒன்று, சண்டையோடு அனுப்பாமல் இருப்பது. கடலுக்கு ஆள் அனுப்பும் வீட்டுப் பெண்களுக்கு நான் சொல்லித்தர இதில் எதுவும் இல்லை. எவ்வளவு கோபம் இருந்தாலும் 'வந்ததும் வச்சுக்கிறேன்' என்று சொல்லிவிட்டுத் தூக்குவாளியைக் கையில் கொடுப்பார்கள்.

"போனவரு திரும்பலை. உடம்பும் கிடைக்கலை. எங்களுக்கு இந்தப் பேச்சு எதுக்கு ஆகும்?"

உங்களுக்கு ஆகாது. நீங்கள் நினைக்க வேண்டியதற்கு மேலேயே நினைத்தாகிவிட்டது. மேலே சொன்ன எந்தப் பழக்கமும் உங்களுக்கு வேண்டாம்.

காகித வேலை மட்டும் சொல்கிறேன். காவல் நிலையத்தில் காணவில்லை என்று கொடுத்த புகாரின் நகல், மீன்வளத் துறைக்குக் கொடுத்த மனுவின் நகல் இரண்டையும் பத்திரமாக வையுங்கள். இயல்பாகத் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு 7 ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லை என்றால் அவர் உயிரோடு இல்லை என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். பொதுவாக அதற்கு நீதிமன்றம் போய் உத்தரவு வாங்க வேண்டியிருக்கும், அப்போது இந்த நகல்கள்தான் கைகொடுக்கும். சடங்கு விஷயத்தில் தர்ப்பையால் உருவம் செய்து காரியம் செய்கிற வீடுகள் உண்டு. உடல் இல்லாமலே காயிப் ஜனாஸா தொழுகிறவர்கள் உண்டு. எதுவும் செய்யாமல் காத்திருக்கிற வீடுகளும் உண்டு. எப்போது, என்ன என்பதை மனைவியும் பிள்ளைகளும் முடிவு செய்யட்டும். 'இன்னும் எத்தனை நாளைக்குப் பொட்டு வைப்பே' என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு அதில் வேலை இல்லை.

"ஒரு வருசந்தான்னு நினைச்சா, இருக்கிற காசை எல்லாம் ஜாலியா செலவு பண்ணிட்டுப் போயிடலாமே?"

இளவட்டங்கள் அதிகம் கேட்கும் கேள்வி. ஒரு வருடம் என்று நினைக்கத்தான் சொன்னேன், ஒரு வருடம்தான் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. தொண்ணூறு வயது வரை இருந்து தொலைத்தால் என்ன செய்வீர்கள்?

ஆனால் நிஜமாகவே நாள் குறைவு என்று தெரிந்தவர்கள் செலவாளியாக மாறி நான் பார்த்ததில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளர் பல வருடங்களாக இதைத்தான் ஆராய்ந்துவருகிறார். மிச்சமிருக்கும் காலம் குறைவு என்று படும்போது, அது முதுமையால் ஆனாலும் இளம் வயது நோயால் ஆனாலும், மனிதர்கள் புதுப் பழக்கங்களைத் தேடிப் போவது குறைந்து, நெருங்கினவர்கள் பக்கமாகவும் மனதுக்கு நிறைவான காரியங்கள் பக்கமாகவும் திரும்புகிறார்கள் என்கிறார். நாங்கள் பார்க்கிற வீடுகளிலும் அப்படித்தான். கோவாவுக்குக் கூட்டிப்போ என்று யாரும் கேட்டதில்லை. மகனை வரச்சொல், வாசலில் கட்டிலைப் போடு, கொஞ்சம் பாறைமீன் குழம்பு வை. கேட்பதெல்லாம் இவ்வளவுதான்.

"ஒவ்வொரு மதமும் ஒவ்வொண்ணு சொல்லுது. இதுல எதைப் பிடிச்சுக்கிறது?"

செத்த பிறகு என்ன என்பதில்தான் வேறு வேறு சொல்கிறார்கள். சாவதற்கு முன்னால் அதை நினை என்பதில் எல்லாரும் ஒரே கட்சி. இன்பங்களை அறுத்துவிடுகிற மரணத்தை அதிகம் நினையுங்கள் என்பது நபிமொழி. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் பெருநாள் தொழுகை முடிந்து புதுச் சட்டையோடு மையவாடிக்கு, அதாவது அடக்கம் செய்யும் இடத்துக்குப் போய் வாப்பா கபருக்கு முன்னால் நிற்கிறவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசி, மண்ணாக இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று சாமியார் சொல்ல, பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட வரிசையில் நின்று வாங்கிக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டுப் பழக்கம் எதுவோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். புதிதாக இறக்குமதி எதுவும் தேவையில்லை.

"எனக்குச் சாமியும் இல்லை, மறுபிறப்பும் இல்லை. அப்ப?"

அப்படியானால் உங்களுக்கு இருப்பது இந்த ஒரு தவணைதான். மற்றவர்களைவிட நீங்கள்தான் இதை அதிகம் நினைக்க வேண்டும். 'சின்ன வேலை' சோதனைக்குச் சாமி சாட்சி தேவைப்படவில்லை.

"தனுஷ்கோடிக்குப் போய்ப் பார்த்தா வாழ்க்கையோட அருமை புரியும்ங்கிறாங்களே, உண்மையா?"

போனால் கடல் புரியும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி அடித்த புயலில் ஊரே போனது, பாம்பனிலிருந்து வந்த ரயில் 100-க்கும் மேற்பட்ட பயணிகளோடு அலைக்குள் போனது, அதன் பிறகு குடியிருக்கத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது. இதெல்லாம் வேனில் போகும் வழியிலேயே டிரைவர் சொல்லிவிடுவார். இடிந்த சர்ச் முன்னால் நின்று போட்டோ எடுப்போம், அரிச்சல்முனையில் இந்தப் பக்கம் அமைதியான பெண் கடல், அந்தப் பக்கம் ஆர்ப்பரிக்கிற ஆண் கடல் என்று பார்ப்போம், அன்னாசிப்பழம் தின்போம், திரும்புவோம். பெரிய சாவு, பழைய சாவு, அடுத்தவர் சாவு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் அது வேடிக்கை பார்க்கும் இடமாகிவிடுகிறது. போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போய்வந்ததாலேயே மாறிவிடுவோம் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அந்தப் புயலில் தப்பிய ஒரு அப்பத்தாவுக்குக் கடைசி நாட்களில் நாங்கள் போய்வந்தோம். அலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அன்று சாயங்காலம் காயப்போட்ட கருவாட்டை அள்ளி உள்ளே வைக்க மறந்து மாமியாரிடம் திட்டு வாங்கியதைத்தான் சொல்வார். "பதிலுக்கு நானும் ரெண்டு வார்த்தை சொன்னேன். அதுக்கப்புறம் அந்தப் பொம்பளையப் பார்க்கலை." கேட்டுவிட்டு வெளியே வந்ததும் எங்களோடு வந்த பெண் தன் மாமியாருக்குப் போன் போட்டாள். அவர்கள் இருவரும் பேசி மாசக்கணக்கில் ஆகியிருந்தது.

"பிள்ளைங்க முன்னாடி இதைப் பேசலாமா?"

அவர்களே கேட்கும்போது பேசலாம். பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போகிறார்கள், அது அவரை அடக்கம் செய்த இடம்தான் என்று தெரிந்ததும் கேள்வி தானாக வரும். நேராகப் பதில் சொல்லுங்கள். 'தாத்தா தூங்குறாரு', 'ஊருக்குப் போயிருக்காரு' என்று மட்டும் சொல்லாதீர்கள். தூங்கப் பயப்படுகிற பிள்ளையையும், அப்பா பஸ் ஏறினால் அழுகிற பிள்ளையையும் பார்த்திருக்கிறேன்.

"எல்லாம் ஒரு நாள் போயிடும்னா எதுக்கு வீடு கட்டணும், எதுக்குப் படிக்கணும்?"

இது சுலபமான கேள்வி இல்லை. போயிடும் என்ற நினைப்பு ஆளை உழைக்கவும் வைக்கும், உட்கார்த்தியும் வைக்கும். உட்கார்த்திவைத்தால் அது முதல் பதிலில் சொன்ன கவலையின் வேறொரு வேஷம்.

பாம்பன் ரயில் பாலத்தைப் பாருங்கள். 1914-இல் திறந்தார்கள். அதைக் கட்டியவர்களில் ஒருவர்கூட இன்று இல்லை. 1964 புயல் அதைப் பிய்த்துப் போட்டது. பொறியாளர் ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் மறுபடி ரயில் ஓடியது. 2022 டிசம்பர் வரை ஓடி, துருவேறி ஓய்ந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று பக்கத்திலேயே புதுப்பாலம் திறந்தாயிற்று. இதுவும் ஒரு நாள் போகும். அதற்காக இத்தனை காலம் அதில் போய்வந்தவர்கள் போகாமல் ஆகிவிட்டார்களா? கலாம் 83 வயதில் ஷில்லாங்கில் மாணவர்கள் முன்னால் பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தார். அந்த வயதில் இனி எதற்கு என்று வீட்டில் இருந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

கீழக்கரைச் சீதக்காதியையும் சொல்ல வேண்டும். கடல் வாணிபம் செய்து சம்பாதித்தவர், உமறுப்புலவரை ஆதரித்தவர். அவர் இறந்தபின் தேடிவந்த புலவருக்குக் கபரிலிருந்து கை நீட்டி மோதிரம் கொடுத்தார் என்பது கதை. கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று ஊர் சொல்ல வேண்டுமானால் உயிரோடு இருக்கும்போது எவ்வளவு கொடுத்திருக்க வேண்டும்!

"உயில் எழுதினா ஆயுசு குறைஞ்சிரும்னு எங்க மாமா பயப்படுறாரு."

உயில் எழுதாத வீட்டில் குறைவது அண்ணன் தம்பி உறவுதான். வெள்ளைத் தாளில் எழுதலாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும், சொத்துப் பெறப்போகிறவரே சாட்சியாக இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது. பதிவு கட்டாயமில்லை, செய்தால் பின்னால் வம்பு குறையும். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும். முஸ்லிம்களாக இருந்தால் வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது, ஜமாஅத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நாமினியாகப் போட்டவருக்கே பணம் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்கிற பொறுப்பாளர்தான். அதனால் தகர டப்பா அண்ணனைப் போல நாமினி பெயரையும் சரிபார்க்க வேண்டும், உயிலும் எழுத வேண்டும்.

"அப்பாவுக்குக் கேன்சர். அவருகிட்ட இன்னும் சொல்லலை. நீங்களும் சொல்லிடாதீங்க."

எந்தச் சுற்றிலும் வாசலிலேயே நிறுத்தி இதைச் சொல்லாத வீடு இருக்காது. நான் சொல்ல மாட்டேன், அது உங்கள் உரிமை. ஆனால் ஒன்று கேளுங்கள். கீழக்கரையில் ஒரு வீடு. மகன்கள் 'அல்சர்' என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவர்கள் டீ வாங்கப் போன நேரத்தில் வாப்பா என் கையைப் பிடித்து, "இவனுங்க பாவம்மா, எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சுக்கிட்டிருக்கானுங்க. நீயும் சொல்லிடாதே" என்றார். இரண்டு பக்கமும் நடித்துக்கொண்டே இருந்தார்கள். அவர் யாருக்கோ கொடுக்க வேண்டிய ஒரு தொகை பற்றி அவர்களிடம் சொல்லவே இல்லை. அது மௌத்துக்குப் பிறகு கடன்காரர் வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

அப்படியே போய்ப் போட்டு உடைக்க வேண்டாம். 'டாக்டர் சொன்னதை எல்லாம் உங்ககிட்ட சொல்லணுமா, நாங்களே பார்த்துக்கவா?' என்று கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சொல் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுங்கள். கடைசிக் கட்டத்தில் வென்டிலேட்டர் வேண்டாம் என்று நினைப்பவர்கள் அதை முன்கூட்டியே எழுதிவைக்க 2018-இல் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது, 2023-இல் முறையை இன்னும் எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளும் நோட்டரி கையெழுத்தும் போதும். இதையும் நல்ல நினைவோடு இருக்கும்போதுதான் செய்ய முடியும்.

"எனக்கு எப்பவும் செத்துட்டா தேவலைன்னுதான் தோணுது. நீங்க சொல்றதும் அதுவும் ஒண்ணுதானே?"

இல்லவே இல்லை. இந்தப் பக்கத்தில் இருக்கும் வேறு எதையும் நீங்கள் இப்போது செய்ய வேண்டாம். இன்றைக்கே யாராவது ஒருவரிடம் இதைச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம், காசு இல்லை, தமிழில் பேசுவார்கள். அரசு நடத்தும் மனநல உதவி எண் அது. உங்கள் பக்கத்தில் யாராவது இப்படிச் சொன்னால் 'பைத்தியம் மாதிரி பேசாதே' என்று வாயை அடைக்காதீர்கள். கூடவே இருங்கள், பூச்சி மருந்து, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் கைக்கு எட்டாமல் எடுத்துவைத்துவிட்டு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

"எரிக்கணுமா புதைக்கணுமா, சாம்பலை எங்க கரைக்கணும், கண்ணு தானம் பண்ணலாமா, இதையெல்லாம் இப்பவே சொல்லிடலாமா?"

தாராளமாகச் சொல்லுங்கள். கேதம் விழுந்த வீட்டில் பெரிய சண்டை இதில்தான் வரும். ஊரில் எடுக்க வேண்டும் என்பான் மூத்தவன், மதுரையிலேயே முடித்துவிடலாம் என்பான் இளையவன், நீர்மாலை யார் எடுப்பது என்று மாமன் மச்சான்கள் ஒரு பக்கம் நிற்பார்கள். போனவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேச்சே இல்லை. கண் தானம் என்றால் இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், வீட்டார் சம்மதமும் வேண்டும். முன்பே தெரியாவிட்டால் அழுகிற நேரத்தில் யாருக்கும் அது நினைவுக்கே வராது. மூளைச்சாவு அடைந்து உறுப்பு தானம் செய்கிறவர்களுக்கு 2023 செப்டம்பரில் இருந்து தமிழ்நாட்டில் அரசு மரியாதை தருகிறார்கள்.

நீங்கள் கேட்கிறபடியே எல்லாம் நடக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஒப்பாரி வேண்டாம் என்று எழுதிவைத்த ஒரு ஆத்தாவுக்கு உச்சிப்புளியில் ஊரே கூடி மாரடித்து அழுதது, அவர்கள் அழுகை அவர்களுக்கு. எழுதிய தாளைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளாமல், எங்கே இருக்கிறது என்று வீட்டில் இரண்டு பேருக்காவது சொல்லிவையுங்கள். அந்த ஆத்தாவின் தாள் பதினாறாம் நாள்தான் கிடைத்தது.